நாடிக்கட்டு

மொரப்பூர்,
12-9-1986

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் காவேரி வணக்கத்துடன் எழுதுவது. அம்மா நலம், மாடு நலம். என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அம்மா தூங்கியபின் முகத்துக் கட்டை அவிழ்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் போர்வெல் லாரியில் வடக்கே போனபின் என் குறட்டை அதிகமாகிவிட்டது. குறட்டையாவது பரவாயில்லை. நடுவில் சத்தம் நிற்கிறது, மூச்சும் நிற்கிறது. தண்ணீரில் அமுக்கினதுபோலத் திணறி எழுகிறேன். காலையில் தலைவலி. வகுப்பில் கண் சொருகுகிறது, ஒருநாள் அங்கேயும் குறட்டை விட்டுவிட்டேன். கணக்கு டீச்சர், "பாய் தலகாணி கொண்டாரச் சொல்லட்டுங்களா மகாராணி?" என்று கேட்டார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் ரைஸ்மில்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா என் தொண்டையைப் பார்த்துவிட்டு அம்மாவை வரவழைத்தார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, டான்சிலும் பெருத்து மூச்சை அடைக்கிறது, தருமபுரி பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்றார். இப்படியே விட்டால் பெரியவளானபின் ரத்தக்கொதிப்பு வரும், இருதயம் கெடும் என்றும் சொன்னார். வீட்டுக்குள் வந்ததும் அம்மா, "ஆஸ்பத்திரிப் படியேறுனா ஊருக்கே தெரிஞ்சிரும். கொறட்ட விடற பொண்ண எவன்டி கட்டுவான்? ஒங்கத்த குள்ளம்மாளாட்டம் வாழாம வந்து நிக்கப் போறியா?" என்றாள்.

அடுத்த மாதம் நல்லம்பள்ளி மாமா வீட்டார் தீர்த்தமலை போகிற வழியில் நம் வீட்டில் இரவு தங்கப் போகிறார்கள். மாமா மகன் முனிராஜுக்கு என்னைப் பெண் கேட்கத்தான். அன்று சத்தம் வரக்கூடாது என்று அம்மா இப்போதிருந்தே பழக்குகிறாள். உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துத் தாடையைச் சேர்த்துக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போடுகிறாள். வாய் திறக்காது. மூக்கில் ஏற்கெனவே வழியில்லை.

குள்ளம்மா அத்தைக்கும் இப்படித்தான் கட்டினார்கள். செத்தபின் கட்டினார்கள். நாடிக்கட்டு என்றார்கள். அதே துணி, அதே முடிச்சு.

குறட்டைக்காக அத்தையைப் புருஷன் திருப்பி அனுப்பினான். கால் வீங்கி, தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் படுத்தவள் எழவில்லை. காத்துக்கருப்பு அமுக்கிவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள். ஆனால் சின்ன வயதில் அவளுக்கு மூச்சு நின்றால் நீங்கள்தான் உதைத்து எழுப்புவீர்கள் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது அப்பா. அவள் பெரியவளானபின் பக்கத்தில் உதைக்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வாருங்கள். மாமா வீட்டார் வருவதற்கு முன்னால் வாருங்கள். அம்மாவைத் திட்ட வேண்டாம். முடிச்சைப் போட்டுவிட்டு என் மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கிறாள்.

விடிவதற்குள் நானே கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். தூங்க மாட்டேன். தூங்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.

ஊருக்கு வரும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தால், அத்தையை உதைத்ததுபோல என்னையும் உதைத்து எழுப்புங்கள். எனக்கு வலிக்காது.

உங்கள் மகள்,
காவேரி