மூன்றாம் நம்பரும் சுண்ணாம்பும்

பெப்ரவரி 11, செவ்வாய்
இன்றும் ஒன்றுமில்லை. மாப்பொருள் தட்டில் அயடீன் ஊற்றினால் முழுக்க நீலம். என் பங்கசு, பூஞ்சணம்தான், மாப்பொருளைக் கரைக்கும் நொதியம் சுரந்திருந்தால் அந்த இடமாவது வெளுத்திருக்கும். இரண்டு வருடமாய்த் தெல்தோட்டை மண்ணைக் கிண்டிப் பிரித்தெடுத்த ஐந்து பங்கசுகள். கழிவுத் தேயிலையைத் தீனியாகப் போட்டால், தோட்டத்துத் துரைமார் மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

பெப்ரவரி 14
ஆய்வுக்குப் பொறுப்பான பளீல் சேர் கூப்பிட்டார். "அனற், மார்ச் முடியிறதுக்குள்ள ஒரு வெளுத்த வட்டமாவது காட்டுங்க. இல்லாட்டி இதெல்லாத்தையும் கொட்டிட்டு வெளிநாட்டுப் பங்கசு வாங்கி முதல்ல இருந்து தொடங்குவோம்."
முதலிலிருந்தா? எனக்கு முப்பத்தொரு வயது, சேர்! — சொல்லவில்லை. "சரி சேர்" என்றேன்.

பெப்ரவரி 18
அந்தோனியாருக்கு மெழுகுதிரி. தொலைந்ததைத் தேடித் தருவாராம். இல்லாததை எங்கே போய்த் தேடுவார், பாவம்.

பெப்ரவரி 26
நான்கு செத்துவிட்டன. மூன்றாம் நம்பர் மட்டும் பச்சையாய், வெட்கமில்லாமல்.

மார்ச் 5, விபூதிப் புதன்
தவக்காலத்துக்கு ஏச்சை விடுவதாக நேர்ந்திருந்தேன். பத்தரைவரை தாங்கியது.

கழிவுத் தேயிலையின் புதுச் சாக்கு மழையில் நனைந்து வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் கட்டி. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து சாக்கைப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என் அண்ணன் ஜெயராஜ். போன் போட்டேன்.
"சுண்ணாம்பு" என்றான், பெருமையாக. "கழிவுத் தூள யாரும் நல்ல தூளோட கலந்து வித்துறக் கூடாதுல்ல? அதான் கலந்து விடுறது. ஒனக்கு ஒவ்வொரு சாக்குலயும் ரெண்டு சவல் கூடவே அள்ளிப் போட்டேன். தங்கச்சிக்குச் சலுகை காட்டுறான்னு பேரு வரக்கூடாது பாரு."
"கொலைகாரப் பாவி! எம் புள்ளைங்கள கொன்னுட்டீங்களே!"

ஒரு சோதனைத்தாளை நனைத்திருந்தால் காரம் என்று முதல் சாக்கிலேயே தெரிந்திருக்கும். தேயிலைதானே, எனக்குத் தெரியாததா என்ற திமிர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண்ணாம்!

மார்ச் 6
சரி, நான்கு செத்தன. மூன்றாம் நம்பர் ஏன் சாகவில்லை? காரம் அதற்குப் பிடித்துவிட்டதோ? அதன் நொதியத்தை நான் அமிலத்தில்தானே சோதித்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று? மடச்சி.

மார்ச் 10
காரத்தில் வைத்தேன். அயடீன் ஊற்றினேன். நீலத்துக்கு நடுவே பெரிய வெள்ளை வட்டம்! கத்திவிட்டேன்.
பளீல் சேர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புள்ள, சலவைத்தூளும் காரம்தானே. அதுக்குள்ள தாக்குப்பிடிக்கிற நொதியத்தத்தான் கம்பெனிக்காரங்க தேடுறாங்க."
அவர் முன்னாலேயே அழுதேன்.

மார்ச் 24
அண்ணன் மனம் திருந்தி, மேலிடத்தில் கையெழுத்து வாங்கிச் சுண்ணாம்பில்லாத சாக்கு அனுப்பியிருந்தான். மூன்றாம் நம்பர் அதில் கொழுகொழுவென்று வளர்ந்தது. வட்டம்? காரத்தில் வைத்தும் மருந்துக்கும் இல்லை.

மார்ச் 25
"அண்ணே, சுண்ணாம்பு போட்டே அனுப்புங்க."
"அன்னைக்குக் கொலைகாரன்னியே?"
"மன்னிச்சிக்கங்க."
"மன்னிக்கலாம். ஆனா சுண்ணாம்பில்லாமக் குடுக்கத்தான் இப்ப கையெழுத்து இருக்கு. மாத்தணும்னா எழுத்துல கேக்கணும்."

கூடப் பிறந்தவனுக்கு, 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.