செக்கப்புக்கு முந்தின வாரம் மட்டும்

இன்று ஓசூரில் கண் டாக்டரம்மா தன் போனில் ஒரு படம் காட்டினார். அரிசி நொய்யைவிடச் சின்னதாக ஒரு குச்சி. ஊசி வழியாக அதைக் கண்ணுக்குள் வைத்துவிட்டால் மாசக்கணக்கில் மருந்து தானாகக் கசியுமாம், தினமும் சொட்டு விட வேண்டியதில்லையாம். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதே. நீ உயிரோடு இருந்தபோது இதெல்லாம் எங்கேடா போயிருந்தது?

உனக்குக் கண்ணில் பிரஷர். வலிக்காது, உறுத்தாது, ஓரப் பார்வை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இரவு படுக்கும்போது ஒரு சொட்டு என்றார்கள். நமக்கு எதுடா இரவு? நைட் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வெயில் ஏறின பிறகுதான் படுப்போம். ஷிப்ட் மாறும்போதெல்லாம் உன் சொட்டும் தவறிப்போகும். உனக்கு எந்த ஷிப்ட் என்று ஒரு டாக்டரும் கேட்கவில்லை.

நீ மட்டும் யோக்கியமா? செக்கப்புக்கு முந்தின வாரம் மட்டும் வேளை தவறாமல் விடுவாய். கேன்டீனில் நான் திட்டினால், "ஆடிட் வருதுன்னா மட்டும் ஃப்ளோரைக் கழுவி பெயின்ட் அடிக்கறோமில்ல, அந்த மாதிரிதான்டா" என்று சிரிப்பாய். செக்கப் அன்றைக்கு ஆஸ்பத்திரி மிஷினில் கண் பிரஷர் சரியாகக் காட்டும். டாக்டரும் சபாஷ் சொல்லி அனுப்பிவிடுவார். கடைசியில் பாகலூர் ரோட்டில் பக்கவாட்டில் வந்த டெம்போ உன் கண்ணில் படவே இல்லை. பாவி, எத்தனை தடவை சொன்னேன்.

இப்போது உன் மகளுக்கும் அதே வியாதி. அவளும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட்டுக்குத்தான் போகிறாள். இந்த வாரம்தான் மருந்து பாட்டிலையே திறந்தாள் என்று உன் வீட்டுக்காரி காலையில் என்னிடம் சொல்லி அழுதாள். நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், அங்கே பிரஷர் நன்றாக இருந்தது. தினமும் விடுகிறாயா என்று டாக்டரம்மா கேட்க, அப்படியே உன் முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றா டாக்டர். ஒரு வாரமாத்தான் விடறா. இவங்கப்பனும் இப்படியே சொல்லித்தான் போய்ச் சேந்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஷிப்ட் என்று அவளைக் கேட்டார். அப்புறம்தான் அந்தக் குச்சிப் படம். ஆனால் அது நம் பக்கம் இன்னும் பரவலாக வரவில்லையாம், வந்தாலும் எல்லாக் கண்ணுக்கும் ஒத்துவராதாம், அதுவரை சொட்டுதானாம். பின்னே எதற்குக் காட்ட வேண்டும்?

வீடு திரும்பி உன் மகள் வண்டியை விட்டு இறங்கியதும், "இனிமே என்கூட வராதீங்க சித்தப்பா" என்றாள்.

போவேன்டா. ஷிப்ட் மாறும்போதெல்லாம் போன் போட்டு உயிரை எடுப்பேன். அவள் என்னை வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் வரும் வண்டி அவள் கண்ணில் பட்டால் போதும்.