தட்டில் போகிற படகு

மார்ச் 3

சின்னவளுக்கு அப்பா சொல்ல, அண்ணி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீ சுட்டு அனுப்பிய பீங்கான் தட்டு உடையாமல் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம், "கடலையே மொண்டு வச்சிருக்காளே உங்க பொண்ணு!" என்கிறார்கள். அதுதான் தொந்தரவு. நடுவில் நம் படகு. உன் அண்ணனோடு போய்த் திரும்பாத அதே படகு. பாய்மரத் துணியில் உன் அம்மா தைத்த சிவப்பு ஒட்டுகூட அதே மூலையில். அதில் சோறு போட்டால் இறங்கவில்லை. கவிழ்த்து வைத்தால் படகே கவிழ்ந்த மாதிரி, உட்கார முடியவில்லை. திருப்பி அனுப்பட்டுமா?

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபமில்லை. பொய், இரண்டு நாள் இருந்தது. அந்த நீலம் வருவதற்குள் எத்தனை தட்டு சூளையிலேயே வெடித்தது தெரியுமா? அண்ணன் படத்தைப் பெட்டிக்குள் போட்டீர்கள். கடல் பக்கத்து ஜன்னலுக்கு ஆணி அடித்தீர்கள். தட்டையும் அனுப்பிவிட்டால் அவன் எங்கேதான் இருப்பான்? படகில் என்ன தப்பு, அதைச் சொல்லுங்கள்.

உங்கள் சின்னவள்

மார்ச் 19

சின்னவளே,

தப்பே இல்லை, அதுதான் தப்பு. துறைமுகச் சுவர்மேல் நின்று நான் பார்த்த மாதிரியே, மூக்கை என்னைவிட்டு அந்தப் பக்கம் வைத்துப் போகிறது. அன்று அவன் படகிலிருந்து, "அப்பா, செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க!" என்று கத்திச் சிரித்தான். குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது படகு தூரத்தில். அதை வருகிற படகாக மாற்றிக் கொடு. முடியாதென்றால் எடுத்துக்கொள்.

அப்பா

மார்ச் 27

அப்பா,

சுட்ட பிறகு மாற்ற முடியாது. ஆனால் தட்டு வட்டம்தானே? படகையும் மேலிருந்து பார்த்தபடிதான் வரைந்திருக்கிறேன். தட்டைப் பாதிச் சுற்று திருப்பிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

சின்னவள்

ஏப்ரல் 4

சின்னவளே,

திருப்பினேன். வருகிறான். சோறு இறங்கியது, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். ஜன்னல் ஆணியைப் பற்றி இப்போது பேசாதே. ஒரே சண்டை உன் அண்ணியோடுதான். தட்டைக் கழுவி வைக்கும்போதெல்லாம் படகை வெளியே போகிற மாதிரியே வைக்கிறாள். கேட்டால், "அவருக்குக் கடலுக்குப் போறதுதானே மாமா பிடிக்கும்" என்கிறாள். இதை எழுதும்போதும் தலை நிமிரவில்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் எழுந்துபோய்த் திருப்பி வைக்கிறேன்.

அப்பா