வராத பிள்ளைக்கு வருகை

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாயாவுக்கு அம்மா எழுதுவது. ஜெய்பீம். இங்கே நானும் உன் நைனாவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முட்டிவலியும் நல்லபடியாகவே இருக்கிறது, என்னை விட்டு எங்கும் போகவில்லை. ஹாம்பர்க்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமாக உடுத்தி, சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது, போனை எடுத்தால் உன் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கிறார். அவர் இல்லாதபோது உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது பெரம்பூருக்குப் போயிருக்கிறார், ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம், வெல்டிங் பெருமையைப் பேசி முடித்துவிட்டுச் சாயந்தரம்தான் வருவார். கீழ்வீட்டு ரமாபாய் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கிறாள், வடகறி அருமையாக இருக்கிறது, அவளிடம் சொன்னால் விலையை ஏற்றிவிடுவாள் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

மீஞ்சூரைத் தாண்டி காட்டுவேம்பாக்கத்தில் நாம் வாங்கிப் போட்ட மனை உனக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, நான்கு கல்லும் ஒரு ஆடும்தான் இருக்கிறது என்று சொன்னாயே, அதேதான். இப்போதும் நான்கு கல் இருக்கிறது, ஆடுதான் வேறு. எண்ணூர்ப் பக்கம் துறைமுகமும் தொழிற்சாலைகளும் பெருகுவதால் அந்த ஊருக்கும் ஜனம் குடிவரும் என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனி வரும் என்றார்கள், பிறகு வராது என்றார்கள், இப்போது வந்தாலும் வரலாம் என்கிறார்கள். இந்த நிலையில் அரசாங்கம் அந்தப் பஞ்சாயத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது, குழாய் போட அல்ல, குழாயை எங்கே எப்படிப் போடுவது என்று யோசிப்பதற்கு. தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது, தொட்டியை எங்கே கட்டுவது, சாக்கடை எந்தத் தெரு வழியாகப் போய் எங்கே சேருவது, இதையெல்லாம் வீடுகள் வருவதற்கு முன்பே வரைந்துவைக்க. யோசிக்கிறதுக்குக்கூடவா கவர்மென்ட்டு துட்டு குடுக்குது என்று உன் நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தெருவில் முதலில் வீடு வந்தது, ஜனம் வந்தது, சாக்கடையை எல்லாம் முடிந்த பிறகு நினைத்தார்கள். அதனால்தான் மழை வந்தால் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தோம், அரைப்பரீட்சைக்கு நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கலீஜ் தண்ணீரில் நடந்து போனாய். முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்க ஒரு அரசாங்கம் காசு கொடுக்கிறது என்றால் அது நல்ல காரியம்தான், நமக்கு அப்போது கிடைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

போன மாதம் ஊர்க்காரர்களையும் மனை வாங்கியவர்களையும் சேர்த்துச் சமுதாயக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நாங்களும் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் போனோம். திட்டம் வரைகிற இன்ஜினியர் கீர்த்தி என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், பொறுமையாகப் பேசினாள். சாக்கடைக் குழாயைச் சின்னதாகப் போட்டு ஆள் நிறைய வந்துவிட்டால் தெருவில் பொங்கும், பெரிதாகப் போட்டு ஆள் வராமல் போனால் ஓட்டம் போதாமல் கசடு தங்கி அடைத்துக்கொள்ளும், அதனால் நிஜமாகவே யார் யார் வீடு கட்டி வரப்போகிறீர்கள், வீட்டுக்கு எத்தனை பேர் இருப்பீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். எனக்கு உடனே நான் வேலை பார்த்த சத்துணவுக் கூடம் ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே அரிசி போட வேண்டும், மழை பெய்தால் பாதிப் பிள்ளைகள் வராது, முட்டை போடுகிற நாளில் காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைகூட எழுந்து வந்துவிடும். அந்தப் பெண்ணிடம் போய், கொஞ்சம் கூடவே போட்டுவைப்பதில் என்னம்மா தப்பு, நான் அப்படித்தான் உலை வைப்பேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு, ஆன்ட்டி, சோறு மிஞ்சினா யாருக்காவது குடுத்துடலாம், குழாய் மிஞ்சினா என்ன பண்றது என்றாள். நான் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கணக்குக் கேட்பதற்குள் சொக்கம்மாள் என்று ஒருத்தி எழுந்தாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், காலனித் தெருவில் இருக்கிறாள். வராத வூட்டுக்கெல்லாம் அளவு எடுக்கிறீங்களே, எங்க தெருவுல கீற ஜனத்த எண்ணியாச்சா, நாங்க இன்னும் குடத்த தூக்கிகினு லாரி பின்னால ஓடிகினு கீறோமே என்று கேட்டாள். கீர்த்தி தலையாட்டி எழுதிக்கொண்டாள், ஆனால் மனைக்காரர்கள் பக்கம் பெயர் கூப்பிட ஆரம்பித்ததும் எல்லாரும் சொக்கம்மாளை மறந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தராக எழுந்து ஐந்து பேர், ஏழு பேர் என்று அடுக்கினார்கள். விசாரித்தால் துபாயில் இருக்கிற மகன், சிங்கப்பூரில் இருக்கிற மருமகள், இன்னும் ஸ்கூலே முடிக்காத பேத்திக்கு வரப்போகிற புருஷன். டோல்கேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற சாலமோன் அண்ணாச்சி எட்டு என்றார், அத்தனை பேரும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கு ஒரே மத்தியானத்தில் காட்டுவேம்பாக்கத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள் போ. அப்போது பக்தவச்சலம் என்று கூப்பிட்டார்கள். உன் நைனா விறைப்பாக எழுந்து நின்று, ஆறு பேரு, எய்திக்கோம்மா என்றார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாங்கள் இருவர், நீ, உனக்கு இன்னும் வராத மாப்பிள்ளை, அப்புறம் இன்னும் பிறக்காத பிள்ளைகள் இரண்டு.

அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை அப்போது. உன் நைனா உன்னிடம் சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று மொட்டைமாடிக்குப் போனவர், நெடுநேரம் கழித்துத்தான் இறங்கினார். தொட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்தக் கூடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. சத்துணவில் என் சர்வீஸ் முழுக்க, வராத பிள்ளைக்கு வருகை போட்டதில்லை நான். மேலிருந்து சொன்னபோதும் போடவில்லை, அதற்காக என்னைத் தூக்கி மணலிக்கு அடித்தார்கள், அப்போதும் போடவில்லை. இப்போது நான் பெற்ற பிள்ளைக்கே இந்த மனுஷன் உள்ளேன் ஐயா என்று கையைத் தூக்கிவிட்டு நிற்கிறார். அந்தப் பக்கம் சொக்கம்மாள் தெருவில் நிஜமாகவே இருக்கிற பிள்ளைகள் குடத்தோடு நிற்கின்றன. நான் எழுந்து, ஆறு இல்லைம்மா, இரண்டு, என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், வருவாளா என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரத்தில் சாலமோன் அண்ணாச்சி எழுந்து தொண்டையைச் செருமி, எனக்கும் எட்டை அழிச்சிருங்கம்மா, ஒண்ணும் போடாண்டாம், நான் விக்கதுக்குத்தான்லா வாங்கிப் போட்டேன் என்றார். கூடமே சிரித்தது. அப்புறம் ஆளாளுக்கு எழுந்து கணக்கைக் குறைத்தார்கள், ஒருத்தர் மட்டும் பேத்தியின் புருஷனை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

கடைசியில் கீர்த்தி சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. ஓட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்கினால்தான் குழாய் அடைக்காது, ஆள் இருக்கிற இடம் காலனித் தெருதான், எனவே அங்கே தொடங்கி வரைகிறோம், மனைகள் வர வரச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். சொக்கம்மாள் என் கையைப் பிடித்து, நீ எப்ப வூடு கட்டினு வர்ற என்று கேட்டாள். வருகிறோம் என்று சொல்லிவிட்டேன், மாயா. நிஜமாகவே சொன்னேன். சின்னதாக, இரண்டு பேருக்குப் போதுமானதாகக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது வண்டி எண்ணூரில் நின்றதும் உன் நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, இன்னாமே, நாலு பேர் எதிர்ல பொண்ண இல்லன்னு சொல்லிட்டியே என்றார். இல்லை என்று சொல்லவில்லை, இங்கே இல்லை என்று சொன்னேன் என்றேன். திருவொற்றியூர் தாண்டியதும் அவர், அவ பாக்கலாம் நைனான்னுதானே சொல்லிகினு கீறா என்றார். உன்னிடம் நான் சொல்ல வந்தது இதுதான் கண்ணு. எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கும்போதெல்லாம் நீ பார்க்கலாம் நைனா என்கிறாய். நோகக் கூடாது என்றுதான் சொல்கிறாய், தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்து அவர் மாப்பிள்ளை, பேரன், பேத்தி என்று ஒரு குடும்பத்தையே குடிவைத்துவிட்டார். உனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது, வேலை பிடித்திருக்கிறது, இருந்துகொள். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அதைவிடப் பெருமை அதிகம். அடுத்த முறை கேட்டால் உள்ளதைச் சொல். தாங்குவாரா என்று பயப்படாதே, தாங்குவார்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் என்னிடம் சொல்லாமல் தனியாகக் காட்டுவேம்பாக்கத்துக்குப் போயிருக்கிறார். தெருவில் அளவு எடுத்துக்கொண்டிருந்த கீர்த்தியிடம் போய், எங்க வூட்டுல ரெண்டு பேருதாம்மா, என் சம்சாரம் சொன்னது கரீட்டு என்று சொன்னாராம். சொல்லிவிட்டு, ஆனா நாளைக்கு இன்னொரு ரூம் எடுத்தா சேர்த்துக்கற மாதிரி ஒரு வழி விட முடியுமா என்று கேட்டாராம். அதற்கு அவள், மெயின் குழாய் அதே அளவுதான் சார், உங்க வாசல்ல மட்டும் ஒரு கிளை விட்டு மூடி போட்டு வெச்சிக்கலாம், வேணும்னா திறந்துக்கலாம், வேணாம்னா அது பாட்டுக்குக் கிடக்கும் என்றாளாம். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நியாய விலைக் கடைக்குப் போயிருந்தேன் என்று புளுகினார், சாப்பிடும்போது தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மூடிதான்மே, சிமெண்ட் வெச்சி பூசல என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சரி, அவர் வருகிற நேரம் ஆகிவிட்டது, குழம்புக்கு இன்னும் புளி கரைக்கவில்லை. காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. போன முறை அனுப்பிய மிளகாய்த்தூள் தீர்ந்திருந்தால் சொல், ரமாபாய் அக்காவின் மகன் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். நைனாவிடம் பேச மறக்காதே. எங்கே இருந்தாலும், உன் பெயரைக் கூப்பிடுகிற இடத்தில் நன்றாகக் கையைத் தூக்கி உள்ளேன் என்று சொல்லி நீ நூறு வருடம் நல்லா இருக்க வேண்டும். இங்கே உனக்கு நான் வருகை போடவில்லை, பெயரையும் அடிக்கவில்லை.

இரண்டு பேரில் ஒருத்தி,
உன் அம்மா
ராஜாத்தி