மூடியில் ஒரு கீறல்

மார்ச் 4, செவ்வாய்

அரை டிகிரி. இன்றும் அரை டிகிரிதான்.

மின்சாரம் கொடுத்தால் என் பீங்கான் வில்லை சூடாகிறது, நிறுத்தினால் குளிர்கிறது. இதை வைத்து ஃப்ரிட்ஜ் செய்தால் கம்ப்ரசர் வேண்டாம், வாயு வேண்டாம், விஷமான ஈயமும் வேண்டாம். என்ன பிரயோஜனம்? ஒரு டிகிரியாவது குளிராவிட்டால் யார் சீந்துவார்கள்!

மாறுவேடத் திருவிழா என்று கோராஸ்த் கரடி வேஷத்தில் வந்து ஜாம் வைத்த குரோஃப் பணியாரம் கொடுத்தான். ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரன். இருபது வருஷமாக ஈயம் கலந்த பீங்கான்தான் செய்கிறான். அவனுக்கு இரண்டு டிகிரி வருகிறது.

"ஒரு சிட்டிகை ஈயம் போடு நேஷா, எல்லாம் சரியாயிடும்."

"கரடி சொல்லி நான் கேக்கணுமா? போடா!"

அடுத்த வில்லையைச் சுட உலையில் வைக்கும்போது என் கிண்ணத்தின் மூடி விரிசல் விட்டிருந்தது. மேல்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

1.3!

மார்ச் 7, வெள்ளி

மூன்று முறை அளந்தாயிற்று. 1.3தான். ஆய்வகத் தலைவி பெர்னார்தா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுது. ஒரு டிகிரி தாண்டினா உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேலை. தாண்டிட்டியே!"

சந்தோஷத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு வீடுவரை நடந்தேன்.

ஆனால் ஏன்? அதே தூள், அதே சூடு. எது மாறியது?

மார்ச் 9, ஞாயிறு

மூடி!

அம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை சூப்பில் கரண்டியை விட்டபோதுதான் உறைத்தது. அன்றைக்கு மாற்றியது அது ஒன்றைத்தானே!

மார்ச் 10, திங்கள்

மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் மஞ்சள் கறை. வில்லையைச் சோதித்தேன். ஈயம்.

மையால் எழுதினால் உலையில் எரிந்துபோகும் என்று, ஈயம் படாத மூடிகளில் வைரமுனையால் ஒரு கீறல் போட்டு வைப்போம். இதில் கீறல் இல்லை. புதுசாக்கும், இன்னும் கீறவில்லை என்று நினைத்துவிட்டேன், மடச்சி! கோராஸ்தின் பழைய மூடி அது. உலைச் சூட்டில் தான் குடித்திருந்த ஈயத்தையெல்லாம் என் வில்லையில் கக்கியிருக்கிறது.

"கமிட்டி மூடியையா பாக்கப்போறாங்க? சும்மா இரு," என்றான் கோராஸ்த்.

எனக்குத் தெரியுமே. ரெண்டு வருஷம்... ஐயோ!

மார்ச் 11, செவ்வாய்

கூட்டத்துக்கு முன்னாடியே சொல்லிவிட்டேன். பெர்னார்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்போ அரை டிகிரிதான் இல்ல?" என்றார். வேலை செப்டம்பரோடு சரி.

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது ஒரு யோசனை. துளி ஈயமே இந்த வேலை செய்கிறதென்றால், அது உட்கார்ந்த இடத்தில் வேறு யாரை உட்கார வைக்கலாம்? பிஸ்மத்? ஈயத்துக்குப் பக்கத்து வீட்டு உலோகம், ஆனால் விஷமில்லை.

ஏப்ரல் 16, புதன்

பிஸ்மத். 0.4. முன்னைவிட மோசம். விடுவேனா!

மே 22, வியாழன்

பிஸ்மத்தைக் குறைத்துப் போட்டேன். கீறல் போட்ட மூடி. 0.8. ஈயம் சுத்தமாக இல்லை.

ஒரு டிகிரி வரவில்லை. செப்டம்பரும் மாறவில்லை.

மதியம் கோராஸ்த் வந்து நின்றான். "உன் மூடி ஒண்ணு குடேன்."

"எதுக்கு? உன் தட்டுல நூறு கெடக்கே!"

தரையைப் பார்த்தான். "ஈயம் இல்லாம ஒண்ணு சுட்டுப் பாக்கலாம்னு..."

கீறல் இருக்கிறதா என்று மூன்று தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.