ஆம்ப்ளிபயர் வாங்கும் முன்

அன்பு மகன் பழனிக்குமாருக்கு, வத்தலக்குண்டிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா மகள் ஜீவிதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தப் போலந்துக் குளிரில் நீயும் மருமகள் தமிழ்மதியும் நல்லபடியாக இருப்பது தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஐப்பசி மழை விடவில்லை, மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது, நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ அனுப்பி நாலு நாள் ஆகிறது. ஆனால் அதைச் சொல்ல நான் உட்காரவில்லை அப்பு. நேற்று மத்தியானத்திலிருந்து எனக்கு உன் நினைப்பாகவே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், ஜீவிதா போட்டோ எடுத்து அனுப்புவாள், கடைசி வரி மட்டும் படிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு முழுக்கப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ ஜீவிதாவிடம் பேசினதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். கம்ப்யூட்டரில் சத்தத்தை முழுக்கக் கூட்டியும் ஹெட்போனில் ஆபீஸ் ஆட்கள் பேசுவது பத்தவில்லை, தனியாக ஓர் ஆம்ப்ளிபயர் வாங்கட்டுமா என்று கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குத் தெரிந்த ஆம்ப்ளிபயர் ரேடியோ செட்டுக்காரர்கள் திருவிழாவுக்குத் தூக்கி வருகிற பெட்டிதான். ஊரையே அலற வைக்கிற பெட்டியை இவன் காதில் கொண்டுபோய் மாட்டப் போகிறானா என்று கத்தினேன். ஜீவிதா சிரித்தாள், ஐயோ அம்மாச்சி, அது சோப்பு டப்பா அளவுதான் இருக்கும் என்றாள். இருந்தாலும் அவளுக்கும் சந்தேகம். சித்திரையில் நீ வந்தபோது உனக்கு வாங்கின மாதிரியே அவளுக்கும் ஒரு ஹெட்போன் கொண்டுவந்து கொடுத்தாய் அல்லவா, அதன் அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் முப்பத்திரண்டு ஓம் என்று போட்டிருக்கிறதாம். அந்த எண் முந்நூறு, அறுநூறு என்று பெரிதாக இருந்தால்தான் கம்ப்யூட்டருக்குத் தள்ளச் சக்தி போதாமல் தனி ஆம்ப்ளிபயர் வேண்டுமாம், இந்த மாதிரிக்குக் கம்ப்யூட்டரே போதுமாம். பிறகு ஏன் மாமாவுக்குக் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

நேற்று நான்தான் சொன்னேன், அதை என் காதில் மாட்டு, உன் மாமன் சொன்ன மாதிரி முழுக்கக் கூட்டு என்று. அவள் காலேஜ் பாடம் ஒன்றைப் போட்டாள். அம்மாடி, வாத்தியார் என் மண்டைக்குள் இறங்கி நின்று கத்துகிறார். பிடுங்கி எறிந்தேன், கட்டிலில் விழுந்தது, உடையவில்லை. எழுபத்திரண்டு வயது எனக்கு. கூப்பிட்டால் கேட்காது என்று உன் அக்கா என்னைச் சொல்லிக்காட்டியிருக்கிறாள், எந்த நாளில் எந்த வாசலில் சொன்னாள் என்பது வரைக்கும் எனக்கு ஞாபகம். அப்படிப்பட்ட என்னாலேயே தாங்க முடியவில்லை, முப்பத்தெட்டு வயது உனக்குப் பத்தவில்லையா?

அந்த நேரம் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு ரேடியோ செட்டுக் குழாய் கட்ட ஒச்சப்பன் வந்திருந்தான். ஆம்ப்ளிபயர் தெரிந்த ஆள் என்று ஜீவிதா போய்க் கூட்டிவந்துவிட்டாள். உன் அக்கா கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டினவன்தான். சத்தத்தைக் குறை என்று மூன்று தடவை போய்ச் சொல்லியும் கூட்டிக் கூட்டி வைத்தானே, பேச முடியவில்லை என்று மாப்பிள்ளையின் பெரியப்பா பாயசத்துக்கு முன்னாலேயே இலையை மூடிவிட்டு எழுந்தாரே, அதிலிருந்து இருபத்தொரு வருசமாக நான் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. நேற்றும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஓரக்கண்ணில் பட்டது, அவன் காதில் காது கேட்கிற மிஷின் மாட்டியிருந்தது. ஜீவிதா விசயத்தைச் சொல்லவும் அவன் சொன்னான், ஏத்தா, நானும் இப்படித்தான் செட்டுல சத்தம் பத்தலன்னு மூணு ஆம்ப்ளிபயர மாத்துனேன், கடைசில பாத்தா கோளாறு பெட்டில இல்ல, ஏங் காதுல, அஞ்சாறு வருசம் முன்னயே வந்திருந்தா மிச்சத்தக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் வஞ்சாரு என்றான். நான் சும்மா இருப்பேனா, திரும்பி, அப்ப எங்க வீட்டுக் கல்யாணத்துல என்று கேட்டேன். அவன் ஒரு மாதிரி ஆகிவிட்டான். நீங்க வந்து வாயசைச்சது தெரிஞ்சது மதினி, கையக் கையத் தூக்கவும் இன்னும் கூட்டச் சொல்றீகன்னு நெனச்சேன், அம்புட்டுத்தான் என்றான். காது கேட்காத ஒருத்தனையா இத்தனை வருசம் திமிர் பிடித்தவன் என்று வைதேன்?

அவன் போன பிறகுதான் அப்பு எனக்குப் பெரிய இடியே விழுந்தது. சித்திரையில் நீங்கள் கிளம்பினபோது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸில் இடது பக்கத்து ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருந்தாய். விட்டுப்போன பருப்புப்பொடியோடு நான் ஓடிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்று ஏலே குமாரு, ஏலே குமாரு என்று நாலு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. உனக்கு வலப்பக்கம் இருந்த தமிழ்மதி காதோடு வாய் வைத்து ஏதோ சொன்னாள், அதற்கு மட்டும் தலையாட்டினாய். பஸ் போய்விட்டது. அவள்தான் திரும்பாதே என்று சொன்னாள் என்று முடிவுகட்டி ஆறு மாதமாக அவளிடம் பேசவில்லை, உன்னிடமும் ஆமாம், இல்லை என்று அளந்துதான் பேசினேன். உனக்கு இடது காது கேட்கவில்லையா சாமி? பெற்றவளுக்கு அது தோன்றாமல் போயிற்றே.

இப்போது நான் சொல்வதைச் செய். அந்தப் பெட்டி எதையும் வாங்காதே, இருக்கிற காதையும் அது கெடுத்துவிடும். ஒச்சப்பன் போகும்போது சொன்னபடி ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக் கேள். ஒரு பக்கத்துக் குறை மற்றப் பக்கத்துக்குப் போனால் கோளாறு ஹெட்போனில். மாற்றி மாட்டியும் அதே காதுதான் மந்தம் என்றால் கோளாறு காதில். அங்கே உள்ள கம்ப்யூட்டரே வேறு மாதிரி இருக்கலாம் என்கிறாள் ஜீவிதா, அதனால் அதே சத்தத்தை வைத்துத் தமிழ்மதி காதிலும் மாட்டிப் பார், அவளுக்கு அலறினால் கோளாறு உன் காதில்தான். எது எப்படியானாலும் இந்த வாரத்திலேயே காது டாக்டரிடம் போ. லீவு இல்லை, மீட்டிங் என்று சொன்னால் ஜீவிதாவை வைத்து உன் ஆபீஸுக்கே எழுதுவேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, குச்சி கிச்சி விட்டுக் குடையாதே. முருகன் உன் கூடவே நிற்பான், உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராது. மாற்றி மாட்டிப் பார்த்ததும் போன் பண்ணு. ஆனால் நீ பேசாதே, நீ எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்வாய். தமிழ்மதியிடம் போனைக் கொடு. என் பணியாரத்தைக் கல்லு என்று அவள் சொன்னது மனசில் அப்படியேதான் இருக்கிறது, அது வேறு கணக்கு. உன் காதைப் பற்றி அவள் வாயால் சொன்னால்தான் நான் நம்புவேன், அவள் கூப்பிடுகிற வரைக்கும் போனைக் கையை விட்டு வைக்க மாட்டேன்.

உன்னைப் பெற்ற,
சுந்தரம்மாள்