வெளிச்சுவரில் வைத்த சுவிட்ச்

என் அன்புக்குரிய அத்தான்,

உங்கள் இழைப்பு மெஷின் மறுபடி ஓடுகிறது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். படிக்கிறவர்களுக்கு இது சந்தோஷமான செய்தியாகத் தோன்றும். எனக்கு அப்படி இல்லை. மெஷின் ஓடுகிறது என்றால் அதன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் என் அக்கா.

நீங்கள் காலமாகி வருஷம் திரும்பிய மறு வாரம் அவள் கூப்பிட்டு அனுப்பினாள். சூலக்கரைக்குப் போனேன். எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பட்டறைக் கதவு திறந்திருந்தது. ஓடு உடைந்த இடத்தில் மழை இறங்கி, வெள்ளைக்காரன் காலத்து அந்த வார்ப்பிரும்பு மேடை முழுக்கத் துரு. மூடிப்போன ஒரு மில்லின் ஏலத்தில் நீங்கள் அதை எடுத்து வந்த நாளில் அதில் முகம் பார்க்கலாம்.

“எடைக்குப் போடவா, ஓட்டவா? நீ படிச்சவன், சொல்லு” என்றாள்.

“ஓட்டுறதுன்னா யாருக்கா ஓட்டுவா?”

“ஏன், நாந்தான். இருவது வருசம் அவுக தள்ளுன பலகைய அந்தப் பக்கம் நின்னு வாங்குனது யாரு, நீயா?”

எடைக்குப் போட்டுவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “துருவை நான் எடுத்துத் தாரேன்” என்று வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக அதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டாசுக் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தவன். மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புச் சாமான் கூடாது, செருப்பு கூடாது, சுவிட்ச் கூடாது. சுவிட்ச் வெளிச்சுவரில்தான் இருக்கும். அதைப் போடும்போது ஒரு சின்னப் பொறி பறந்தாலும் அறைக்குள் பறக்கக் கூடாது. நீங்கள் பட்டறை கட்டியபோது என்னிடம் யோசனை கேட்டீர்கள். மரத்தூளும் எரியும் பொருள்தானே என்று நான் கட்டம் போட்ட தாளில் அளவு குறித்து, மெயின் சுவிட்சை வெளிச்சுவரில் வைக்கச் சொன்னேன்.

“கைக்குப் பக்கத்துல இருந்தா நல்லதில்லையா மாப்ள?” என்று நீங்கள் ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். நான் பொறியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே எலக்ட்ரீசியனிடம், “வெளியவே வையிப்பா. எங்க மாப்ள பி.எஸ்ஸி.ல்லா” என்றீர்கள்.

அதனால்தான், கரண்ட் போனால், உள்ளே பலகை வாங்கினாலும் வெளியே வேலையாக இருந்தாலும் அக்காதான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைப்பது என்று உங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்தது. விபத்து நடந்த அன்றைக்கு, பத்து நாள் வராதிருந்த தண்ணீர் குழாயில் வந்திருந்தது. வெளியே வேலையாக இருந்த அக்கா குடங்களோடு தெருமுனைக்குப் போய்விட்டாள். கரண்ட் போனது. அவள் அணைத்திருப்பாள் என்று நம்பி, கத்தி உருளையில் சிக்கியிருந்த சீவலை எடுக்க நீங்கள் கையை உள்ளே விட்டீர்கள். கரண்ட் வந்தது.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்றோடு பட்டறையைப் பூட்டிவிட்டீர்கள்.

அதன் பிறகு நீங்கள் அந்தச் சுவிட்சைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டீர்களா? என்னைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டீர்களா? அக்காவுக்கு அந்த யோசனை என்னுடையது என்று தெரியாது. உங்கள் பதினாறாம் நாள், எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் என்னிடம், “நான் மட்டும் அன்னைக்குத் தண்ணிக்குப் போகாம இருந்திருந்தா அவுக கை முழுசா இருந்திருக்கும்லே” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா அத்தான்? “விதிக்கா” என்றேன்.

துரு எடுக்க மூன்று மாதம் ஆனது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் எண் கொடுத்து நோட்டில் படம் வரைந்துகொண்டேன். சிறிய உருப்படிகளைப் புளிக் கரைசலில் ஊறப்போட்டேன். மேடைக்கு மண்ணெண்ணெய். இரும்புக் கம்பி பிரஷ் போட்டால் பத்து நாளில் முடிந்திருக்கும். எனக்குக் கை வரவில்லை. கம்பெனியில் பழகியபடி பித்தளை பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து தேய்த்தேன்.

அக்கா வந்து பார்த்தாள். “ஏலே, இது என்ன அணுகுண்டா? ஓங்கித் தேய்ச்சா வெடிச்சிரும்னு தடவிக் குடுத்துக்கிட்டு இருக்க?”

“பொறி பறக்கும்க்கா.”

“பறக்கட்டும். வருசக் குழம்புக்கு வாங்கி வச்ச புளி அம்புட்டையும் இதுக்கே ஊத்திட்ட. கடைசியில மெஷினு ருசியா இருக்கும், ஓடாது.”

சிரித்தேன். ஆனால் நாற்பதாவது நாளில்தான் இரும்பு பிரஷ் வாங்கினேன். துரு உதிர உதிர எனக்குப் பயம் கூடிக்கொண்டே வந்தது. துருவாக இருந்தவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. மதுரையிலிருந்து புது பேரிங் வந்தது. மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றியாயிற்று. சாணை பிடித்த மூன்று கத்திகளையும் உருளையில் நானே பூட்டினேன். விரலால் மெல்லச் சுழற்றிவிட்டபோது சத்தமே இல்லாமல் சுற்றியது. அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் தினம் கரண்ட் போகிறது, நேரம் சொல்லாமல் வருகிறது. அறுபத்தேழு வயதில் அவள் அங்கே நிற்கப்போகிறாள்.

ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். எலக்ட்ரீசியன் தனியாக இருக்கும்போது சுவிட்சை உள்ளே மாற்றச் சொல்லிவிடுவது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் வந்த அன்று அக்காவும் கூடவே நின்றாள்.

“சுவிட்சு பழைய எடத்துலயே இருக்கட்டுமா சார்?” என்று அவர் கேட்டார்.

“உள்ளே…” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா, “அங்கனயே இருக்கட்டும். அது அவுக பாத்து வச்ச எடம்” என்றாள்.

எலக்ட்ரீசியன் ஏணியை வெளிச்சுவரில் சாய்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், என் ரகசியம் பத்திரம். அவள் கை?

“அது அத்தான் பாத்து வச்ச இடம் இல்லக்கா. நான் வைக்கச் சொன்ன இடம். அவுக கைக்குப் பக்கத்துலதான் கேட்டாக. நான்தான் விடலை.”

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: “எட்டு வருசம்லே. நான் பண்ணுன பாவம்னு அவுகளுக்குச் சட்டை பொத்தான் போட்டு விடும்போதெல்லாம் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். நீ வாராவாரம் வந்து காப்பி குடிச்சிட்டுப் போன.”

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எலக்ட்ரீசியனிடம் என்ன வேண்டும் என்று சொன்னேன். மெஷினை ஒட்டியே, பொறி வெளியே வராத மூடிய பெட்டியில் ஸ்டார்ட்டர். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் தானாக ஓடாதது, நாமாகப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். முழங்காலால் தட்டினாலே நிற்கும்படி ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். உங்கள் காலத்திலும் இவையெல்லாம் கடையில் இருந்தன அத்தான். நான்தான் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒன்பது நாள் அக்கா பேசவில்லை. கூடப்பிறந்தவர்களில் நாங்கள் இருவர்தான் மிச்சம். ஒவ்வொரு நாளும் பட்டறை வரை போய், ஒட்டடை அடித்துவிட்டுத் திரும்பினேன். பத்தாம் நாள் போனபோது அவள் காலில் பழைய ஷூவோடு, முந்தானையை இறுகச் செருகிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றாள். உங்கள் ஷூ.

“செருப்பு மாட்டிக்கிட்டு உள்ள வா. பொத்தாங்கிட்ட நில்லு” என்றாள்.

வேப்பம்பலகை ஒன்றை மேடையில் வைத்துத் தள்ளினாள். கத்தி மரத்தைத் தொட்டதும் வந்த சத்தத்தில் என் முழங்கால் தானாகப் பொத்தானில் போய் மோதிவிட்டது. மெஷின் நின்றது.

“என்னலே?”

“ஒண்ணுமில்ல. வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

“நல்லா பாத்த. கட்டை பாதியில நிக்கிது. தள்ளிப் போய் நில்லு.”

முழுப் பலகையையும் இழைத்து முடித்து, அவளே நிறுத்தினாள். தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

“இப்படி வெளிய வைக்கச் சொல்லி இன்னும் எங்கெங்கலே யோசனை சொன்ன?”

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை அத்தான். சாத்தூரில் ஒரு பட்டறை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறை. கம்பெனிக்கு மரப்பெட்டி செய்து கொடுத்தவர்கள். கெமிஸ்ட் சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று கேட்டு வைத்தவர்கள். பத்துப் பதினைந்து வருஷமாக நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

“ரெண்டு இடம்” என்றேன்.

“போய்ப் பாத்துட்டு வா” என்றாள்.

நாளைக் காலை சாத்தூர் பஸ் ஏறுகிறேன். அங்கே போய் முதலில் அவர்கள் கைகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அதுதான் எனக்குப் பயம். ஏழாம் வகுப்புப் பையனைப்போலப் பயம். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடக் கூடியவன் நான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் நாலு பேர் படிக்க அச்சுக்குக் கொடுக்கிறேன்.

இரண்டு பட்டறைகளிலும் சுவிட்சை உள்ளே, கைக்குப் பக்கத்தில் மாற்றிவைக்காமல் இனி உங்கள் படத்தின் முன்னால் வந்து நிற்க மாட்டேன். அங்கே எத்தனை விரல்கள் இருந்தாலும், யார் சொல்லி வைத்தது என்று அவர்கள் கேட்டால், நான்தான் என்று சொல்வேன். விதி என்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டின் கடைசிப் பிள்ளை,
ராஜாமணி